நாற்பது அரசர்களும் ஒரு வாளி செதிலும்

மக்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லாத அரசு உலகில் இல்லை. உண்மையிலேயே குறைத்துக் காட்டிய அரசு ஒன்றே ஒன்றுதான். அது ஹங்கேரி நாட்டு அரசு. அது காசின் எடையைக் குறைத்தது.

முதல் மன்னர் காலத்தில், அதாவது நாடு ஞானஸ்நானம் பெற்றுப் பல் துலக்கிக்கொண்டிருந்த புதிதில், பத்து வெள்ளிக்காசு வைத்திருந்தவனின் இடுப்புப் பை தொங்கிப்போய்க் காலில் இடிக்குமாம். அடுத்து வந்த மன்னர்கள் இரக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவு காசைச் சீவினார்கள். நூறாண்டுக்கும் மேலாக இடைவிடாமல் நடந்த இந்தத் திருப்பணியின் பயனாக, இப்போது நூறு காசை மடியில் கட்டிக்கொண்டு யாரும் குதிரைபோல ஓடலாம். பலருக்கு ஓட வேண்டியும் இருந்தது.

அது மட்டுமல்ல. ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாளில் புதுக் காசு வெளியாகும். ஆண்டவர் உயிர்த்தெழும் அதே நாளில் பழைய காசு செத்துப்போகும். மூன்று பழைய காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு புதுக் காசு தருவார்கள். மூன்றாவது காசு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, அது ‘புத்துணர்வுக் கட்டணம்’ என்று சந்தைக் காவலர்கள் பொறுமையாக விளக்கினார்கள். பொறுமைக்குத் துணையாகக் கையில் ஒரு கழியும் வைத்திருந்தார்கள்.

இந்த மகத்தான சீர்திருத்தத்தின் கூர்மையான முனையில் உட்கார்ந்திருந்தவன் போதா. எஸ்தர்கோம் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் இருந்த அரசு அக்கசாலையில், காசுக்கு அச்சு வெட்டும் வேலை. பதினான்கு ஆண்டு அனுபவம். இரும்புக் கட்டையில் அரசரின் முகத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் வெட்டி வெட்டி, அவனுக்கு உலகத்தில் நேராக இருக்கும் எதைப் பார்த்தாலும் சற்றுச் சந்தேகம் வரும். அரசின் அறிவிப்புகளை மட்டும் அவன் முழுமனதாக நம்பினான். அவை ஏற்கெனவே தலைகீழாக இருந்தன.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவனை மேலே கோட்டைக்குக் கூப்பிட்டார்கள். இஷ்பான் உக்ரின் தலைமையில் கூட்டம். இஷ்பான் என்றால் அந்தக் கோட்டம் முழுக்க அவர் கையில்: கோட்டை, சந்தை, சிறை, நீதிமன்றம், இவை போக மீதமிருக்கும் ஆட்களும். அவர் பக்கத்தில் எழுத்தர் கில்பெர்ட் சாமியார், அயல்நாட்டார் குடியிருந்த லத்தீன் தெருக்காரர், உட்கார்ந்திருந்தார். லத்தீன் தெரிந்ததால் எதையும் புரியாமல் எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

உக்ரின் ஒரு பருப்பை மேசைமேல் வைத்தார். நிஜமான பருப்பு. சமையலறையிலிருந்து வந்தது.

“இதுதான் புதுக் காசோட அளவு” என்றார்.

போதா குனிந்து பார்த்தான். “ஐயா, இதுல அரசர் முகம், மகுடம், சிலுவை, சுத்திவர அரசர் பேரு, எல்லாம் வேணுமே.”

“சின்னதாப் போடு.”

“போன வருஷமே சின்னதாத்தான் போட்டேன் ஐயா. மூக்கு வச்சா வாய்க்கு இடமில்ல. வாயை வச்சா கழுத்து வெளிய போகுது.”

“கழுத்து வேண்டாம்” என்றார் உக்ரின். “போன தடவை ராஜ குடும்பத்துல நடந்த சண்டைக்கு அப்புறம் கழுத்தைப் பத்திப் பேசாம இருக்கிறதே நல்லது.”

“பேரு?”

கில்பெர்ட் இறகை மையில் தோய்த்தார். “ஜனங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது சாமி.”

“அப்ப எழுத்து எதுக்கு?”

“படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சப் பேரு இருக்காங்களே சாமி.”

“அவங்களுக்குத்தான் அரசர் பேரு ஏற்கெனவே தெரியுமே!”

உக்ரின் மேசையைத் தட்டிப் பாராட்டினார். கில்பெர்ட் உற்சாகமாகிவிட்டார். “இன்னொரு வசதியும் இருக்கு. நம்ம நாட்டுல சித்தப்பாவும் அண்ணன் மகனும் மாறி மாறி மகுடம் சூட்டிக்கிறாங்க. காலையில ஒரு அரசர், மத்தியானம் ஒரு அரசர். பேரே இல்லன்னா, யாரு வந்தாலும் காசு செல்லும். யாருக்கும் மனவருத்தம் இல்ல.”

“முகம்?” என்று கேட்டான் போதா, குரல் இறங்கி.

“ரெண்டு புள்ளி, ஒரு கோடு” என்றார் உக்ரின். “ரெண்டு புள்ளி கண்ணு. கோடு மத்ததெல்லாம்.”

“அடுத்த ஈஸ்டருக்கு எதை ஐயா மாத்துறது?”

“புள்ளியைக் கோட்டுக்குக் கீழ போடு.”

போதா இறங்கி வரும்போது அரசரை நினைத்துச் சற்று நெகிழ்ந்துபோனான். முகம், பெயர், கழுத்து எல்லாவற்றையும் மக்களுக்காகத் துறந்த மன்னர் வேறு எந்த நாட்டில் இருக்கிறார்?

ஈஸ்டர் வந்தது. காசும் வந்தது. சந்தையில் முரசு அடித்து அறிவித்தார்கள்: ‘எளிமையே அரச லட்சணம்’ என்ற கொள்கையின்படி வெளியாகும் இக்காசை மதிக்காதவர், தூக்கி எறிபவர், சிரிப்பவர் ஆகியோருக்கு வலது கை வெட்டப்படும்; காசு மதிப்பிழக்கும்படி அச்சை மோசமாக வெட்டியவனுக்கும் அதே. கடைசி வரி போதாவுக்குப் புதிது. அதையும் அவன் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். அரசாணையில் தன்னைப் பற்றி ஒரு வரி!

போதாவின் அக்கா ஆகோதா, டூனா நதிப் படித்துறையில் மீன் விற்பவள். கணவர் படகோடு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். உருவம் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் அவள் பலகைக்கு முன்னால் கோட்டைச் சமையல்காரர்களே வரிசையில் நிற்பார்கள். தம்பியின் உத்தியோகத்தில் அவளுக்கு மரியாதை உண்டு, ஆனால் அதை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

“என்னடா இது?” என்றாள், முதல் புதுக் காசைப் பார்த்ததும். “பேன் மாதிரி இருக்கு.”

“அக்கா, மெல்லப் பேசு. அது அரசர்.”

“எந்தப் பக்கம்?”

போதா வாங்கித் திருப்பிப் பார்த்தான். அவன் வெட்டியதுதான். ஆனாலும் உடனே சொல்ல முடியவில்லை.

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. சந்தைக் காவலன் ஃபார்கஷ், இஷ்பான் வீட்டு விருந்துக்காக மீன் வாங்க வந்தான். நாற்பது காசுக்குக் கெண்டை மீன், ஒரு கூடை நிறைய. “செதில் எடுத்துக் குடு” என்றான். ஆகோதா எடுத்தாள். பலகைமேல் செதில் குவிந்தது. ஃபார்கஷ் பையை அவிழ்த்து நாற்பது காசையும் பலகைமேல் கொட்டினான். அந்த நேரம் ஆகோதா திரும்பிக் கூடைக்கு ஈர இலை போட்டுக்கொண்டிருந்தாள். கூடையைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மரக்கட்டையால் பலகையை ஒரே வழி வழித்தாள். பாதி வாளிக்குள் போயிற்று. பாதி நதிக்குள் போயிற்று.

“காசு?” என்று கை நீட்டினாள்.

“வச்சேனே!”

“எங்க வச்சே?”

“இங்கதான், பலகை மேல!”

“இங்க செதில்தான் இருந்துச்சு.”

“செதில் இல்லடி, அது அரசர்!”

“அரசரா? அரசரை யாராவது மீன் குடல் பக்கத்துல கொட்டுவாங்களா? எதைப் பார்த்தாலும் வெள்ளையா, வட்டமா, வழவழன்னு கிடந்துச்சு. நான் என்னத்தைக் கண்டேன்?”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவரைக் கண்டுபிடிக்க முடியாததால் ஆகோதாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றப்பத்திரிகையைக் கில்பெர்ட் சாமியார் அன்றே எழுதினார்: ‘மேற்படி பெண், நாற்பது அரச திருமுகங்களை, மீன் குடலோடு சேர்த்து, உயிரோட்டமுள்ள நதியில் எறிந்தது.’ சாட்சிப் பொருளாக வாளியும் கோட்டைக்குப் போயிற்று. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. வாளியில் காசு இருக்கிறதா என்று பார்க்கப் போன மூன்று அதிகாரிகளும் வாளியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு நிபுணரைக் கூப்பிடலாம் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். நாட்டில் அந்தத் துறைக்கு ஒரே நிபுணர்தான்.

விசாரணைக்கு முன்தினம் மத்தியானம் போதா கோட்டைச் சிறைக்குப் போனான். தினைக் கஞ்சியும் ஒரு துண்டு பன்றிக் கொழுப்பும் கொண்டுபோனான். ஆகோதா கம்பி வழியாக வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள்.

“நாளைக்கு என்னைத்தான் பிரிக்கச் சொல்லியிருக்காங்க அக்கா. செதில் எது, காசு எதுன்னு.”

“பிரி.”

“பிரிச்சிட்டா, பார்த்தாலே வித்தியாசம் தெரியுதுன்னு ஆகிடும். அப்ப நீ தெரிஞ்சேதான் எறிஞ்சேன்னு உன் கையை வெட்டுவாங்க.”

“சரி, தெரியலன்னு சொல்லு.”

“அச்சு வெட்டினவனுக்கே தெரியலன்னா, அச்சு மோசம்னு என் கையை வெட்டுவாங்க.”

ஆகோதா விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள். “ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு கை இருக்கு. எப்படிப் பார்த்தாலும் மூணு மிஞ்சும்.”

“வெளையாடாதக்கா.”

“நான் வெளையாடல. ஒரு கையால மீன் வழிக்க முடியாதுடா. பிடிக்க ஒரு கை, வழிக்க ஒரு கை. நீ ஒரு கையால அச்சு வெட்டிடலாம். ரெண்டு புள்ளி, ஒரு கோடுதானே?”

சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சிச் சட்டியை அவனைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். போதா உளி பிடித்துக் காய்த்துப்போன தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே குன்றிலிருந்து இறங்கினான். பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, தான் என்ன வெட்டினோம் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

மறுநாள் காலை, கோட்டையின் பெரிய கூடத்தில் நீதிமன்றம். உயர்ந்த இருக்கையில் உக்ரின். கீழே கில்பெர்ட். ஒருபுறம் ஆகோதா, இரண்டு காவலர்கள் நடுவில். மறுபுறம் ஃபார்கஷ். நடுவில், பட்டுத் துணி போர்த்திய மேசைமேல் வாளி. ஐந்து நாள் ஆகியிருந்தது. வாளி இருப்பது யாருக்கும் பார்க்காமலே தெரிந்தது.

“நிபுணர் போதா” என்றார் கில்பெர்ட், மூக்கைத் துணியால் மூடியபடி, “அரசரை மீனிலிருந்து பிரித்தெடுப்பீராக.”

போதா கையை விட்டான். விரல்கள் பார்க்காமலே கண்டுபிடித்தன. காசு வளையாது, செதில் சற்று வளையும். முதல் காசு அகப்பட்டது. இரண்டாவது. மூன்றாவது. தேடித் தேடி ஏழுதான் இருந்தன. மீதி முப்பத்து மூன்று அரசர்களும் நதியோடு போய்விட்டார்கள். இந்நேரம் கருங்கடலைத் தொட்டிருப்பார்கள். நதியில் எறிந்தது நிரூபணம்.

ஏழையும் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, அடுத்து ஒரு செதிலை எடுத்தான். சாளரத்து வெளிச்சத்தில் பிடித்தான். உலர்ந்து, சற்றுச் சுருங்கி, வெள்ளியாக மின்னியது. ஓரத்திலிருந்து நடு வரைக்கும் வளையம் வளையமாக, மயிரிழைக் கோடுகள். ஒன்றுகூட மற்றொன்றை உரசவில்லை. கெண்டை மீனை நன்றாகத் தெரிந்த யாரோ, அவசரமே இல்லாமல், இடம் போதவில்லை என்று ஒரு கோட்டையும் விடாமல் வெட்டிய அச்சு. போதாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்துக்கு நடுவே ஒரு வழி தெரிந்தது.

“அரசர்!” என்று உரக்கச் சொல்லி, செதிலை உயர்த்திப் பிடித்தான்.

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். அரச திருமுகத்தை உயர்த்தினால் எழ வேண்டும் என்பது சட்டம். செதிலைப் பட்டுத் துணிமேல் வைத்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஆகோதாவின் கண்கள் விரிந்தன. முப்பது வருஷம் மீன் விற்றவளுக்குச் செதில் தெரியாதா? முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

“அரசர்!” இரண்டாவது செதில். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சம் பொறு” என்றார் உக்ரின். “எழுத்தர் சரிபார்க்கட்டும்.”

கில்பெர்ட் செதிலை நுனி விரலால் எடுத்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். தெரியவில்லை என்று சொன்னால் காசின் மதிப்பைக் கெடுத்தவராவார். “இல்லை” என்று சொல்லி அது உண்மையிலேயே அரசராக இருந்துவிட்டால் இன்னும் மோசம். இறகு பிடிக்கும் கை, வலது கை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயமே இல்லை. அந்தக் கண்களின் கருணை!”

உக்ரினும் வாங்கிப் பார்த்தார். “போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு” என்றார், போதாவைப் பார்த்து. “கோடெல்லாம் எவ்வளவு நுணுக்கம்!”

“நன்றி ஐயா” என்றான் போதா. “அது என் வேலை மட்டும் இல்ல.”

ஃபார்கஷ் மட்டும் மேசையருகே வந்து மோந்து பார்த்தான். “மீன் நாத்தம் அடிக்குதே.”

“எது?” என்றார் கில்பெர்ட், இறகைத் தயாராக வைத்துக்கொண்டு. “அரசர் திருமுகமா?”

“இல்ல சாமி, இல்ல. என் கை. என் கைதான்.” ஃபார்கஷ் போய் இடத்தில் நின்றுகொண்டான்.

இருபதாவது அரசர் வரும்போது உக்ரினுக்கு மூச்சு வாங்கியது. முப்பத்தொன்றாவது அரசருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. “மனதால் எழுந்து நிற்கிறோம், பதிவு செய்” என்று கில்பெர்ட்டிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே தொப்பியை மட்டும் தூக்கினார். முப்பத்து மூன்று செதிலுக்குப் பிறகு, கைக்குள் இருந்த ஏழு உண்மைக் காசுகளையும் ஒவ்வொன்றாக வைத்தான் போதா. அந்த ஏழும்தான் சற்று மங்கலாக, போலி மாதிரி தெரிந்தன. ஆறாவதைக் கில்பெர்ட் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார்.

“நாற்பது” என்றான் போதா. “ஒரு அரசரும் நதிக்குப் போகல ஐயா. எல்லாரும் வாளிக்குள்ளயே பத்திரமா இருந்திருக்காங்க. எங்கக்கா எறியல. பாதுகாத்திருக்கா.”

உக்ரின் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் தாங்க முடியவில்லை. தீர்ப்பு விரைவாக வந்தது: ஆகோதா குற்றமற்றவள். காசின் மாண்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபணம். அச்சு வெட்டியவனுக்குப் பாராட்டு. நாற்பது திருமுகங்களும் பட்டுத் துணியில் முடிந்து முத்திரையிடப்பட்டு, மீன் விலையாக அவளிடமே ஒப்படைக்கப்படும்.

ஆகோதா முடிச்சை வாங்கிக்கொண்டாள். கதவை நோக்கி அவள் இரண்டடி வைத்ததும் கில்பெர்ட் கூப்பிட்டார்.

“அம்மா, கட்டணம்.”

“என்ன கட்டணம் சாமி? நான் குற்றம் செய்யலன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“அதுக்குத்தான். குற்றமற்றோர் கட்டணம்.”

“அப்ப குற்றவாளி கட்ட வேண்டாமா?”

“அவன்தான் கையைக் குடுத்துடுறானே.”

ஆகோதா பெருமூச்சு விட்டு, பட்டு முடிச்சை அப்படியே மேசைமேல் வைத்தாள். “சரி. இந்த நாப்பதையும் எடுத்துக்குங்க. நான் போறேன், மீன் காத்திருக்கு.”

போதா முடிச்சையே பார்த்தான். முடிச்சை அவிழ்த்து, வெளிச்சத்தில் மறுபடி எண்ணினால் என்ன ஆகும்? ஆனால் உக்ரின் அவிழ்க்கவில்லை. ஒரு விரலால் முடிச்சை அவள் பக்கமே தள்ளிவிட்டார். எச்சில் இலையைத் தள்ளுவதுபோல இருந்தது அது.

“காசா?” என்றார். “காசை வச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது? அது ஜனங்களுக்கு. கட்டணம் வெள்ளியா வேணும். எடை போட்டு.”

கில்பெர்ட் மேசைக்கடியிலிருந்து ஒரு தராசை எடுத்து வைத்தார். நல்ல தராசு. கோட்டையில் இருந்த பொருள்களிலேயே பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

“என்கிட்ட வெள்ளி ஏது?” என்றாள் ஆகோதா.

உக்ரின் அவள் தலையைப் பார்த்தார். முக்காட்டுக்குக் கீழே, காதோரக் கூந்தலில் இரண்டு வளையங்கள் தெரிந்தன. கல்யாணத்தன்று கணவர் தன் கையால் முடியில் கோத்துவிட்டவை. முதல் மன்னர் காலத்துப் பழங்காசை உருக்கிச் செய்த கெட்டி வெள்ளி.

அவள் கழற்றினாள். ஒன்று சுலபமாக வந்தது. மற்றொன்று முடியில் சிக்கிக்கொண்டது. போதா கிட்டே போய், அச்சு வெட்டும் அதே விரலால் மெதுவாக எடுத்துவிட்டான். இரண்டும் தட்டில் விழுந்தபோது ‘ணங்’ என்று சத்தம் கேட்டது. காசு விழுந்து அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் கேட்டுப் பல ஈஸ்டர் ஆகியிருந்தது. தட்டு தாழ்ந்தது. கட்டணத்துக்குச் சற்று அதிகமாகவே தாழ்ந்தது. மீதியைத் திருப்பித் தர வழி இல்லை என்று கில்பெர்ட் வருத்தத்தோடு பதிவு செய்தார். உக்ரின் வளையங்களைத் தம் மடியில் போட்டுக்கொண்டார்.

அக்காவும் தம்பியும் வெளியே வந்தார்கள். குன்றுப் பாதையில் காற்று நன்றாக இருந்தது. கீழே டூனா, அதன் கரையில் சந்தை, சந்தை நடுவே பழைய காசை மாற்றும் பலகைக்கு முன்னால் நீண்ட வரிசை. ஆகோதா பட்டு முடிச்சை அவிழ்த்து, முப்பத்து மூன்று செதிலையும் காற்றில் விட்டாள். ஏழு காசு மட்டும் உள்ளங்கையில் மிஞ்சியது. அதில் ஒன்றை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். கோபம் இல்லை அவள் முகத்தில். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

“அவங்களே வாங்க மாட்டேங்கிறாங்க. அப்புறம் எதுக்குடா இதை வருஷா வருஷம் அடிக்கிறீங்க?”

போதா கீழே இருந்த வரிசையைப் பார்த்தான். பதினான்கு வருஷ அனுபவமுள்ள நிபுணனாகவே பதில் சொன்னான்.

“இன்னும் யார்கிட்ட வெள்ளி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான், அக்கா.”